கடுகின் சுற்றம்

காய்கறிக் கடையில் அருகருகே அடுக்கப்படும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், அண்மைக்காலத்தில் நகரங்களில் பரவிவிட்ட பிராக்கோலி ஆகியவை உருவத்திலும் சுவையிலும் சமைக்கும் முறையிலும் வேறுபடுவதால், அவற்றை நான்கு தனிச் செடிகளின் விளைச்சலாகக் கருதுவது இயல்பே. ஆனால் தாவரவியலின் கணக்கில் நான்கும் ஒரே சிற்றினம். அதாவது, ஒன்றின் மகரந்தம் மற்றொன்றின் பூவில் விழுந்தால் தடையின்றி வளமான விதை உண்டாகும் அளவுக்கு நெருங்கிய ஒரே இரத்தம். பிராசிகா ஒலரேசியா என்னும் பெயர் கொண்ட இந்தச் சிற்றினத்தை 1753-ஆம் ஆண்டில் வெளியான தம் பெருநூலில் வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், கோசையும் காலிஃபிளவரையும் நூல்கோலையும் அதன் உள்வகைகளாகவே பதிவு செய்தார். மரபணு என்னும் கருத்தே தோன்றாத காலத்தில், பூவையும் காயையும் மட்டும் நோக்கி அவர் எடுத்த இந்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

இந்தச் செடியின் காட்டு வடிவம் எங்கே பிறந்தது என்பது நெடுங்காலம் தவறாகவே விடையளிக்கப்பட்ட கேள்வியாகும். இங்கிலாந்து, பிரான்சு, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அட்லாண்டிக் கடலோரச் சுண்ணப்பாறைகளில், உப்புக்காற்றையும் ஊட்டமற்ற மண்ணையும் தாங்கிக்கொண்டு தடித்த இலைகளோடு வளரும் காட்டுக்கோசே மூதாதை என்று பலர் எழுதிவந்தனர். 2021-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்று உயிரோடிருக்கும் காட்டு உறவுகளில் மிக நெருங்கியது கிரேக்கத் தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஏஜியன் கடற்கரைகளையும் சேர்ந்த பிராசிகா கிரெட்டிகா என்று காட்டியது. அட்லாண்டிக் கரையின் செடிகள், தோட்டத்திலிருந்து தப்பி மீண்டும் காட்டுத்தன்மை அடைந்தவையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. இந்த முடிவு பழைய நூல்களோடும் பொருந்துகிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் சுருள் இலைக்கோஸ், மழமழப்பான இலைக்கோஸ், காட்டுக்கோஸ் என மூவகையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்; கி.மு. 160-ஐ ஒட்டி உழவு பற்றி எழுதிய ரோமானியரான கேட்டோ, கோசை உணவாக மட்டுமன்றிப் பல நோய்களுக்கு மருந்தாகவும் போற்றி நீண்ட பகுதிகளை எழுதியிருக்கிறார். அவர்கள் அறிந்திருந்தவை இலைகள் விரிந்து நிற்கும் கீரை வகைகளே. உருண்டு இறுகிய இன்றைய கோஸ், குளிர் மிகுந்த இடைக்கால வட ஐரோப்பாவில் உருவானது.

ஒரே செடியிலிருந்து இத்தனை உருவங்கள் எவ்வாறு கிளைத்தன என்பதற்கு விடை, உழவர்கள் அதன் எந்த உறுப்பை விரும்பினார்கள் என்பதில் இருக்கிறது. தண்டின் உச்சியிலுள்ள நுனிமொட்டு விரியாமல் இலைமேல் இலையாக இறுகிய செடிகளின் விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்தவர்கள் முட்டைக்கோசைப் பெற்றார்கள். இலைக்கணுக்களில் இருக்கும் பக்கமொட்டுகள் நெல்லிக்காய் அளவுக்கு உருண்ட செடிகளைத் தேர்ந்த பெல்ஜிய நாட்டவர் பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ் என்னும் வகையைப் பெற்றார்கள். தண்டே பருத்த செடி நூல்கோல் ஆயிற்று. 1554-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி அதை இத்தாலியிலிருந்து செருமானிய நாட்டுக்கு அண்மையில் சென்ற செடியாகக் குறித்திருக்கிறார். நூல்கோலைக் கிழங்கு என்று சொல்வது பிழை. மண்ணுக்கு மேலே திரண்டிருக்கும் அதன் உருண்டையின் உடம்பெங்கும் இலைக்காம்புகளும் அவை உதிர்ந்த தழும்புகளும் காணப்படுவதே அது தண்டு என்பதற்குச் சான்று. அதோடு அடிக்கடி குழப்பப்படும் டர்னிப், மண்ணுக்குள் பருக்கும் வேர்; அது வேறொரு சிற்றினத்தைச் சேர்ந்தது. வளர்ப்புத் தாவரங்களைப் பற்றி 1868-இல் வெளியான நூலில் டார்வின் இந்தச் செடிகளை உற்றுநோக்கி, இலையிலும் தண்டிலும் இவ்வளவு வேறுபாடு காணப்பட, பூவிலும் விதையிலும் அநேகமாக வேறுபாடே இல்லை என்று சுட்டினார். மனிதன் எதை உண்டானோ அது மாறியது. எதைப் பொருட்படுத்தவில்லையோ அது பழைய நிலையிலேயே நின்றது. தேர்வு என்னும் ஆற்றலுக்கு இதைவிடத் தெளிவான சான்று சமையலறையில் வேறில்லை.

இவற்றுள் காலிஃபிளவரின் வரலாறே மிகவும் வியப்புக்குரியது. பூ என்று பெயர் பெற்றிருந்தாலும், உண்ணப்படும் அந்த வெண்திரள் பூவாகவே ஆகாத ஒன்று. சாதாரணச் செடியில் வளர்நுனி ஒன்று பூவாக மாறும் ஆணையைப் பெற்றவுடன் இதழும் மகரந்தத்தாளும் உண்டாகி வளர்ச்சி அத்துடன் முடிகிறது. காலிஃபிளவரில் அந்த ஆணையை நிறைவேற்ற வேண்டிய மரபணுக்களுள் ஒன்று பழுதுபட்டிருப்பதால், பூவாகப் புறப்பட்ட நுனி பாதிவழியில் மீண்டும் தளிர்நுனியாகத் திரும்பிவிடுகிறது. அது கிளைக்க, அக்கிளைகளும் பூவாக முயன்று தோற்க, இம்முயற்சி ஆயிரக்கணக்கான முறை நிகழ்ந்து திரள் பெருகுகிறது. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 2021-இல் இந்நிகழ்வைக் கணினி மாதிரியாக அமைத்து, பெரிய சுருளுக்குள் அதே வடிவில் சிறிய சுருள் அமைவது எவ்வாறு என்பதையும் விளக்கிக் காட்டினர். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இபுன் அல்-அவ்வாம் தம் உழவு நூலில் இச்செடியைக் குறிப்பிடுகிறார். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் இதைச் சைப்ரஸ் தீவின் செடி என்று கருதினர். எனவே கிழக்கு மத்தியதரைக் கடலோரத்து உழவர்களும் அரபு மொழி பேசிய தோட்டக்காரர்களும் இதை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு பெற்றவர்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இந்தியாவுக்கு இது வந்த கதையும் விரிவாகச் சொல்லத்தக்கது. 1822-இல் இங்கிலாந்திலிருந்து வந்த விதைகள் சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தில் விதைக்கப்பட்டதை இந்தியக் காலிஃபிளவரின் தொடக்கமாகத் தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. கோசும் காலிஃபிளவரும் குளிர்நாட்டுச் செடிகள்; பல வாரக் குளிரை உணர்ந்த பிறகே விதைத்தண்டு எழுப்பும் இயல்புடையவை ஆகையால், சமவெளியில் விளைந்தாலும் விதை கட்டாமல் ஒவ்வோர் ஆண்டும் கப்பல் விதையை எதிர்நோக்க வைத்தவை. கங்கைச் சமவெளியின் உழவர்கள், வெப்பத்தையும் மழை ஈரத்தையும் தாங்கி, அங்கேயே பூத்துக் காய்த்த அரிய செடிகளை மட்டும் பொறுக்கி அவற்றின் விதையைக் காத்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள், ஐரோப்பிய வகைகள் திரளவே முடியாத 20 முதல் 27 செல்சியஸ் வெப்பத்தில் திரளும் புதிய இனமே பிறந்துவிட்டது. 1929-இல் கல்கத்தாவின் சட்டன் நிறுவனம் பாட்னா, பெனாரஸ் ஆகிய ஊர்களின் பெயரைத் தாங்கிய வகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பெயரறியாத உழவர்களின் உழைப்பு முதன்முறையாக அச்சேறியது எனலாம். புது தில்லியின் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பின்னர் உருவாக்கிய பூசா தீபாலி போன்றவை இந்த அடித்தளத்தின்மீது எழுந்தவையே. ஆயிரம் ஆண்டு மத்தியதரைக் கடல் வரலாற்றுக்கு நிகராக வைத்துப் பேசத்தக்க இச்சாதனை பள்ளிப் பாடங்களில் இடம்பெறாதது பெருங்குறை. தமிழ்நாட்டில் கோசும் காலிஃபிளவரும் முதலில் வேரூன்றியது நீலகிரியில். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். இலங்கைத் தமிழர் கோவா என்று அழைக்கும் முட்டைக்கோஸ் நுவரெலியா மலைப்பகுதியில் பெரும்பயிராக இன்றும் நிலைத்திருக்கிறது.

உறவுமுறையை வடிவத்தால் மட்டுமே அறிய இயலும் என்ற நிலை 20-ஆம் நூற்றாண்டில் மாறியது. உயிரணுவின் உட்கருவில் மரபுச் செய்தியைத் தாங்கும் நுண்ணிய இழைகளான குரோமோசோம்களை எண்ணும் முறை வளர்ந்ததும், செடிகளின் பிறப்புப் பதிவேடு திறந்துகொண்டது. லெனின்கிராடில் தாவரவியலாளர் வவிலோவ் தலைமையிலான நிறுவனத்தில் பணிபுரிந்த சோவியத் மரபியலாளர் கார்ப்பெசென்கோ, 1920-களில் முள்ளங்கியையும் கோசையும் கலப்பினம் செய்தார். பெற்றோர் இரண்டும் மகரந்தத்திலும் சூலிலும் 9 குரோமோசோம்கள் வைத்திருப்பவை. பிறந்த செடியிலோ முள்ளங்கியின் 9-க்கும் கோசின் 9-க்கும் இணை கிடைக்காததால் அது மலடாக நின்றது. ஆனால் சில பூக்களில் எண்ணிக்கை தற்செயலாக இரட்டித்து, 36 குரோமோசோம்கள் கொண்ட வளமான செடி உண்டாயிற்று. அதன் காயில் கீழ்ப்பாதி கோசைப் போலவும் மேற்பாதி முள்ளங்கியைப் போலவும் இருந்தது. அது உணவுக்குப் பயன்படவில்லை என்றாலும், இரண்டு சிற்றினங்கள் கூடி மூன்றாவதைத் தோற்றுவிக்க முடியும் என்பதை அது கண்முன் நிறுத்தியது. கார்ப்பெசென்கோ 1941-இல் கைதுசெய்யப்பட்டு, அதே ஆண்டு ஜூலை 28 அன்று சோவியத் அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் தோட்டத்தில் செய்ததை இயற்கை முன்னரே செய்திருந்தது என்று நிறுவியவர் தாவரவியலாளர் ஊ நாகஹாரு. கொரிய மொழியில் ஊ ஜாங்-சுன் என்று அறியப்படும் இவர், 1898-இல் தோக்கியோவில் கொரியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தார். தந்தை கொரிய அரசி மின் கொல்லப்பட்ட நிகழ்வில் தொடர்புடையவராகக் கருதப்பட்டு ஜப்பானுக்குத் தப்பி வந்த படை அதிகாரி. மகனுக்கு ஐந்து வயதாகும்போது அவரும் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டார். வறுமையில் வளர்ந்த மகன் 1935-இல் வெளியிட்ட கட்டுரை, கடுகு இனத்தின் ஆறு பயிர்களை ஒரு முக்கோணத்தில் பொருத்திக் காட்டியது. முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று அடிப்படைச் சிற்றினங்கள் நிற்கின்றன: மகரந்தத்திலும் சூலிலும் 8 குரோமோசோம்கள் கொண்ட கருங்கடுகு, 9 கொண்ட கோஸ், 10 கொண்ட டர்னிப். மூன்று பக்கங்களில் அவற்றின் கலப்பால் பிறந்தவை நிற்கின்றன: கருங்கடுகும் டர்னிப்பும் கூடி 18 கொண்ட பழுப்புக்கடுகும், கோசும் டர்னிப்பும் கூடி 19 கொண்ட எண்ணெய் வித்தான ரேப்பும், கருங்கடுகும் கோசும் கூடி 17 கொண்ட எத்தியோப்பியக் கடுகும் தோன்றின. கூட்டல் கணக்கு சரியாக இருப்பதோடு நிறைவடையாமல், டர்னிப் இனத்தையும் கோசையும் தம் கையாலேயே கலந்து ரேப் செடியை மீண்டும் பிறப்பித்துக் காட்டியதால்தான் அவருடைய முடிவை எவராலும் மறுக்க முடியவில்லை.

ஊ 1950-இல், மனைவியையும் மக்களையும் ஜப்பானில் விட்டுவிட்டு, தாம் வாழ்ந்திராத தந்தையின் நாட்டுக்குச் சென்றார். கிம்ச்சி என்னும் கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய சீனக்கோசுக்கும் முள்ளங்கிக்கும் ஜப்பானிய விதையையே நம்பியிருந்த நாடு அது. அவர் சென்ற சில மாதங்களில் கொரியப் போரும் மூண்டது. அந்நெருக்கடியிலும் கொரியா தன் விதையைத் தானே விளைவிக்கும் நிலையை அவர் உருவாக்கினார். தாய் இறந்தபோது ஜப்பான் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1959-இல் அவர் மறைந்தார். ஒரு காய்கறிக் குடும்பத்தின் பிறப்பு மர்மத்தை விடுவித்தவரின் வாழ்க்கை இரு நாடுகளுக்கு இடையே இவ்வாறு கிழிபட்டது பெருந்துயரம்.

தமிழர் அன்றாடம் தாளிக்கும் கடுகு இந்த முக்கோணத்தில் எங்கே இருக்கிறது என்பது இனித் தெளிவாகும். இன்று இந்தியச் சந்தையில் கடுகு என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பிராசிகா ஜன்சியா என்னும் பழுப்புக்கடுகு. இலைப்பசுங்கணிகத்தின் மரபுப்பொருள் தாய் வழியாகவே செல்வது என்பதால், அதை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் டர்னிப் இனமே இதன் தாய், கருங்கடுகு தந்தை என்று முடிவு செய்தனர். இக்கலப்பு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் நிகழ்ந்தது என்பதே இன்று வலுப்பெற்றுள்ள கருத்து. சிந்துவெளிக் களங்களில் கடுகு இன விதைகள் கிடைத்திருப்பதால் இந்தியத் துணைக்கண்டத்தில் அதன் பயன்பாடு மிகத் தொன்மையானது என்பதில் ஐயமில்லை.

இக்குடும்பத்தை ஒன்றிணைக்கும் அடையாளம் அதன் காரம். முழுக் கடுகில் காரம் கிடையாது. குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மமும் மைரோசினேஸ் என்னும் நொதியும், அதாவது வேதிமாற்றத்தை முடுக்கும் புரதமும், விதைக்குள் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. விதை உடைந்து ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் கடுகெண்ணெய் பிறக்கிறது. புழுவின் பல்லிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி கண்ட வழி இது. கொதிக்கும் எண்ணெயில் போடப்படும் கடுகில் நொதி வெப்பத்தால் அழிந்துவிடுவதால், வெடித்த கடுகு காரமின்றி வறுபட்ட மணம் மட்டும் தருகிறது; ஊறுகாய்க்கு வறுக்காமல் இடித்துச் சேர்க்கும் கடுகுப்பொடியோ முழுக் காரத்தையும் வெளியிடுகிறது. பச்சை முள்ளங்கியின் விறுவிறுப்பும், அளவுக்கு மீறி வேகவைத்த கோசின் கெட்ட வாடையும் இதே கந்தகச் சேர்மங்களின் வேலை.

இந்தக் காரத்தைத் தொடர்ந்து சென்றவர்கள் எதிர்பாராத உறவுகளைக் கண்டார்கள். முருங்கையின் வேர், பிரித்தானியர் இந்தியாவில் தங்கள் நாட்டுக் காரவேரான ஹார்ஸ்ராடிஷுக்கு மாற்றாகப் பயன்படுத்திய அளவுக்குக் கடுகின் நெடி கொண்டது. பப்பாளி விதையை மென்றாலும் அதே நெடி வரும். இமயமலை அடிவாரத்து மரமான முருங்கையும், 16-ஆம் நூற்றாண்டில்தான் ஆசியா வந்த நடு அமெரிக்கப் பப்பாளியும் கடுகோடு எவ்வகையில் உறவாக முடியும் என்று எண்ணிய பழைய தாவரவியலாளர்கள் அவற்றைத் தொலைதூர வரிசைகளில் வைத்தனர். டென்மார்க்கில் பணியாற்றிய தாவரவியலாளர் டால்கிரென் 1975-இல், இந்தச் சேர்மத்தை உண்டாக்கும் செடிகள் யாவும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும் என்று துணிந்து முன்மொழிந்தார். 1990-களில் மரபுப்பொருள் ஆய்வு அவர் கூற்றை உறுதிப்படுத்தியது. புத்திரஞ்சீவிக் குடும்பத்து மரங்கள் மட்டும் இவற்றோடு உறவின்றித் தனியே அந்தத் திறனை அடைந்தவை என்று தெரியவந்தது. முருங்கையும் பப்பாளியும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உடன்பிறப்புக் குடும்பங்கள் என்பது அந்த ஆய்வின் மற்றொரு முடிவு. வயல்வரப்பில் முளைக்கும் நல்வேளையும் நாய்க்கடுகும் அடங்கிய வேளைக் குடும்பம் கடுகுக்கு மிக அருகில் நிற்கிறது. வற்றல் போடும் ஆதொண்டையும், குளக்கரையில் பூக்கும் மாவிலங்கமும், சங்கப் பாடல்களில் இடம்பெறும் பாலைநில மரமான உகாயும் இதே வரிசையைச் சேர்ந்தவையே.

பூச்சிகள் இவ்வுறவை மனிதருக்கு முன்பே அறிந்திருந்தன. கோஸ் தோட்டங்களை அழிக்கும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், கடுகுச்சாறோ அதன் சேர்மமோ பூசப்பட்டால் வேற்றுச் செடியின் இலையையும் உண்ணும் என்று டச்சு அறிஞர் வெர்ஷாபெல்ட் 1910-இல் காட்டினார். செடியின் காவல் நஞ்சையே அப்பூச்சிகள் உணவைக் கண்டறியும் குறியாக மாற்றிக்கொண்டன. அந்தப் பூச்சிக் குடும்பத்தின் தமிழ்நாட்டு உறவினங்கள் ஆதொண்டையிலும் மாவிலங்கத்திலும் முட்டையிடுவது தற்செயலன்று.

தோற்றத்தை நம்பினால் எதிர்ப்பக்கத்திலும் ஏமாற நேரிடும். முள்ளங்கியும் கேரட்டும் பீட்ரூட்டும் ஒரே வகைக் கிழங்குகளாகத் தோன்றினாலும், முள்ளங்கி கடுகுக் குடும்பம், கேரட் கொத்தமல்லியும் சீரகமும் பெருங்காயமும் அடங்கிய குடும்பம், பீட்ரூட் தண்டுக்கீரையின் குடும்பம். கோசைப் போல இலை சுருளும் லெட்டூஸ் சூரியகாந்தியின் உறவு.

இந்தச் சுற்றத்தை நேரில் சோதித்துப் பார்க்க விரும்புவோர், ஒரு பிடி கடுகையும் ஒரு முள்ளங்கியையும் தொட்டியில் பூக்கும்வரை வளரவிட்டு, வரப்பில் கிடைக்கும் நல்வேளைப் பூவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: மூன்றிலும் இதழ் நான்கு, மகரந்தத்தாள் ஆறு. முருங்கைப் பூவில் இதழ் ஐந்து என்பதால் அதன் உறவைப் பூவில் தேட வேண்டியதில்லை. இளமுருங்கையின் வேர்த்துண்டு ஒன்றை நசுக்கி முகர்ந்தாலே போதும்.